தேன்விழி என்று தட்டினால் ஜட்டி வருகிறது

ராத்திரி ஷிப்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதிப் பிழைக்கிறவனைத் திருப்பூர் பகலிலும் தூங்க விடாது.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் என் வேலை அதுதான். நமக்கு இருட்டினால், துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு விடியும். அவர் காபி குடித்துக்கொண்டே கேட்கிற கேள்விக்கு நான் கொட்டாவி விட்டுக்கொண்டே பதில் எழுதுவேன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவன் நான். ஆங்கிலம் கற்றது பனியனுக்குள் தைக்கிற துவைப்பு லேபிளைப் பார்த்து. அதனால் என் மெயில்கள் இன்றைக்கும் கொஞ்சம் அதட்டலாகத்தான் இருக்கும்: பிழியாதே, வெயிலில் காயப்போடாதே, தனியாகத் துவை.

பகலில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வயசு என்கிறார் டாக்டர், வீண் யோசனை என்கிறாள் மனைவி. இரண்டில் எதுவானாலும் சாயங்காலம் தாராபுரம் ரோட்டு பேக்கரியில் போய் உட்கார்ந்துவிடுவேன். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா அங்கேதான் என்னைப் பிடிப்பார்கள். கட்டுரையைத் திருத்து, மெயிலைப் பார் என்பதெல்லாம் போய், இப்போது எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, அந்தக் காலேஜ்காரங்க நம்ம புள்ளைகளை நெட்டுல தேடிப் பாப்பாங்களா?"

என் தொழிலில் தேடாமல் யாரும் யாருக்கும் ஆர்டர் கொடுப்பதில்லை. எங்கள் கம்பெனியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் எருமை ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்ட பையர் உண்டு. பெரிய குடோன் இருக்கிறது என்று சொன்ன இன்னொருவரை நாங்கள் தேடிப் பார்த்தால், அந்த முகவரியில் முடிதிருத்தும் கடை. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் "பாப்பாங்க, கட்டாயம் பாப்பாங்க" என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவாகவோ, மாமாவாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்து முழித்திருப்பீர்கள் என்றால், நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

எளிதில் சுருங்காது

எங்கள் தெருவில் பொன்னுசாமி சின்னதாக உள்ளாடைக் கம்பெனி வைத்திருக்கிறார். கீழே மெஷின்கள், மாடியில் குடித்தனம். நாங்கள் தூரத்து உறவு. அவர் என்னை மாப்பிள்ளை என்பார், அவர் மகள் மாமா என்பாள். முதல் மெஷின் வாங்குகிற சமயத்தில் பிறந்த குழந்தையின் பெயரைப் பிராண்டுக்கு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். பொன்னுசாமி அதிலும் ஒரு படி மேலே போனார். வேறு யாருக்கும் இல்லாத பெயராக இருக்கட்டும் என்று மகளுக்குத் தேன்விழி என்று வைத்து, அதையே பனியன், ஜட்டிக்கும் வைத்து, பிறகு பெட்டியின் மேல் அவளுடைய ஐந்து வயதுப் போட்டோவையும் அச்சடித்தார். ரெட்டைச் சடை, முன்பல் விழுந்த சிரிப்பு.

அந்தக் குழந்தை வளர்ந்து கெமிக்கல் இஞ்சினியரிங் முடித்து, சாயத்தண்ணி சுத்திகரிக்கிற இடத்தில் லேபில் வேலை பார்க்கிறாள். அந்தத் தண்ணீரைப் பற்றியே மேற்கொண்டு படிக்க வேண்டும், அதுவும் வெளிநாட்டில் என்று அவளுக்கு ஆசை. போன வருஷம் விண்ணப்பித்த இடமெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. இந்த வருஷம் ஒரே ஒரு பல்கலைக்கழகம் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான், இன்னொரு தடவை முயற்சி செய்ய மனசில் தெம்பில்லை என்றாள். பேக்கரியில் என் எதிரே உட்கார்ந்து போனை நீட்டினாள். அவள் பெயரைத் தட்டினால் ஜட்டி. அடுத்த பக்கமும் ஜட்டி. அதற்கடுத்த பக்கம் ஒரு மாறுதலுக்குக் கை வைத்த பனியன். ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் என்பதால், ஆள் மாறிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. ஏதோ ஒரு ஆன்லைன் கடைக்காரர் பல் விழுந்த அந்த முகத்துக்குக் கீழே, தேன்விழி, மென்மையானது, நீடித்து உழைக்கும் என்று வர்ணனை வேறு எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் தேங்காய் பன்னை வாயில் அடைத்துக்கொண்டேன். அவள் சொன்னாள்:

"சிரிங்க மாமா, பரவாயில்லை. ஆனா 'எளிதில் சுருங்காது'ன்னு எம்பட மூஞ்சிக்குக் கீழ போட்டிருக்கறதைப் படிச்சுட்டு எந்தக் காலேஜுங்க சீட்டுக் குடுக்கும்?"

உடுமலைப் பையன் காணாமல் போனது

எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்பதுதான் அவளுடைய முதல் யோசனை. அவளுக்கு நான் உடுமலைப்பேட்டைப் பையன் ஒருத்தனின் கதையைச் சொன்னேன். காற்றாடிக் கம்பத்துக்குக் கீழே நின்று ஆடிய ரீல்ஸ், கல்யாண மண்டபத்தில் ஆடிய ரீல்ஸ் என்று அவன் கணக்கில் நிறைய இருந்தன. என் பேச்சைக் கேட்டு மிரண்டுபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தான். வேகத்தில் காலேஜுக்குக் கொடுத்திருந்த மெயில் கணக்கையும் சேர்த்து அழித்துவிட்டான். காலேஜ் அனுப்பிய மெயில் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

பஸ் பிடித்து நேராக பேக்கரிக்கு வந்து நின்றான். சட்டையெல்லாம் வேர்வை. நல்லவேளை, அழித்த கணக்கைக் கொஞ்ச நாளைக்குள் திரும்பக் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டோம், கொடுத்தார்கள். உள்ளே நேர்காணல் அழைப்பு அப்படியே இருந்தது. இப்போது அவன் அந்தக் காலேஜ் இருக்கிற ஊரில்தான் பனி வாரிக்கொண்டிருக்கிறான். ஆனால் அன்றைக்கு என் முன்னால் நின்று அவன் சொன்னதை நான் மறக்கவில்லை:

"அண்ணா, காலேஜ் என்னையத் தேடறது கெடக்கட்டுங்க. இப்ப நானே என்னையத் தேடிட்டு நிக்கறனுங்க."

ஆடிட்டருக்கு நட்ட செடி

அழிக்க முடியாது என்றால், நல்லதாக நாலு படம் போட்டு ஜட்டியைக் கீழே தள்ளலாம் என்றேன். இது எங்கள் தொழிலில் தெரிந்த வித்தைதான். கம்பெனியைச் சோதிக்க வெளிநாட்டு ஆடிட்டர் வருகிறார் என்றால் முதல்நாளே முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வந்துவிடும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறிவிடும், வாசலில் செடி முளைத்துவிடும். அதேபோல் தேன்விழியின் பெயரிலும் ஒரு பக்கம் தொடங்கி, அவள் சமூக அக்கறையோடு செடி நடுகிற மாதிரி ஒரு படம் போடலாம் என்று ஏற்பாடு.

எங்கள் கம்பெனி வாசலிலேயே நிற்க வைத்தேன். கையில் மண்வெட்டியைக் கொடுத்தேன். நடுவதற்குச் செடி வாங்க மறந்துவிட்டேன். சுவரோரம் இருந்த வேப்பங்கன்று ஒன்றைப் பிடுங்கி மறுபடி நட்டால் போதும் என்று குனிந்தேன். செக்கிங் பிரிவில் பிசிர் வெட்டுகிற லூர்தக்கா டீ குடிக்க வெளியே வந்தவர், டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங் சார், அதை நேத்துத்தான் ஆடிட்டருக்கு நட்டோம். பாவம், வேர் புடிக்கட்டும், மறுக்கா புடுங்காதீங்க."

மதுரை ஏஜெண்ட்

செடி தப்பித்தது. அடுத்தது, படத்தைப் போட்டவர்களையே எடுக்கச் சொல்வது. தேன்விழி பிராண்டை வாங்கி விற்கிற ஏஜெண்டுகளுக்கு நானே போன் போட்டேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், பெட்டி டிசைனை மாற்றப் போகிறோம், பழைய படங்களை எடுத்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொன்னேன். சேலத்துக்காரர் சரி என்றார். எடுக்கவில்லை. ஈரோட்டுக்காரர் எடுத்துவிட்டு, இன்னும் தெளிவான படமாக ஒன்றைப் போட்டார். முன்னாலாவது முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. இப்போது விழுந்த பல்லின் பக்கத்துப் பல் ஆடுவதுகூடத் தெரிந்தது.

மதுரைக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். பெண்ணின் படிப்பு விஷயம், பெரிய மனசு பண்ணுங்கள் என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்:

"பாப்பா படிக்கட்டும்ணே, நல்லாப் படிக்கட்டும். ஆனா அது மூஞ்சி இல்லாத பெட்டியக் கொண்டு போனா எங்கூர்ல ஒரு பய வாங்க மாட்டான். டூப்ளிகேட்டுன்னு மூஞ்சியிலயே எறிஞ்சிருவான்ணே."

ஸ்டிக்கர்

மதுரைக்காரருக்கு மனசில் எதுவும் தங்காது. அன்று சாயங்காலமே பொன்னுசாமிக்குப் போன் செய்து, பாப்பா படிப்பு நல்லபடியா முடியட்டும்ணே, பெட்டியை மட்டும் மாத்திறாதீங்க என்று சொல்லிவிட்டார். பொன்னுசாமி என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார், எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தேன்விழி என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனாள். பேக்கிங் மேஜையில் அனுப்பத் தயாராகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் குழந்தையின் முகத்தின்மேல் ஒரு சைஸ் ஸ்டிக்கர். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. மகளுடைய முகத்துக்கு மேல் இடுப்பளவை ஒட்டிக்கொண்டிருந்தார் பொன்னுசாமி. உடம்பு முழுக்கப் பஞ்சுத்தூசி. எங்களைப் பார்த்ததும் தப்புச் செய்கிறவர் மாதிரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மூஞ்சிய மறைச்சுட்டேன் அம்மிணி. பேரை எப்படி மறைக்கறதுன்னுதான் தெரியலை."

அவள் மாடிக்குப் போனாள். நான் அன்று வேலைக்குப் போய் ஒரு மெயிலையும் ஒழுங்காக எழுதவில்லை.

மெஷின் நின்ற சாயங்காலம்

நேர்காணல் வீடியோவில், நமக்குச் சாயங்கால நேரம். மாடியில் தேன்விழியின் அறைக்கு நேர் கீழேதான் துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின்கள். அவை ஓடினால் மாடித் தரையே முனகும். வேலை நாளில் பொன்னுசாமி மெஷினை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் போட்டு ஓட்டுகிறவர் அவர். அன்றைக்கு அவரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

திடீரென்று விழுந்த அமைதியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே தையல்காரம்மாக்கள் நினைத்தார்கள். பாப்பாவுக்குப் பரீட்சை என்று மேல்நோக்கிக் கையைக் காட்டினார் பொன்னுசாமி. பீகாரிலிருந்து வந்து இங்கேயே தமிழ் பழகிய ஓவர்லாக் ஆபரேட்டர் ராம்லால் விஷயத்தைப் புரிந்துகொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பூனை மாதிரி என்னருகில் வந்து காதில் கேட்டான்:

"அண்ணா, பாப்பா பாஸ் ஆனா மெஷின் ஆன், பெயில் ஆனாலும் மெஷின் ஆன்தானே?"

அந்தம்மா தேடியது

பொன்னுசாமியும் நானும் அறைக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தோம். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. திரையில் மூன்று பேர்: வெள்ளை முடி வைத்த அம்மா ஒருவர், கண்ணாடி போட்ட இளவயசுப் பேராசிரியர் ஒருவர், எதையோ எழுதிக்கொண்டே இருந்த மூன்றாமவர். பொன்னுசாமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் தொடையைத் தட்டி, "என்ன சொல்றா?" என்றார். லேப் வேலையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். உப்பைப் பிரிப்பது பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். எனக்குப் பாதி புரியவில்லை. நன்றாகச் சொல்கிறாள் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

அப்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "நேற்று உன் பெயரைத் தேடிப் பார்த்தேன்" என்றார். கண்ணாடிக்காரர் உடனே குறுக்கிட்டார்: "விண்ணப்பத்தில் இல்லாததைப் பார்க்கக்கூடாது என்று நாம் பேசி வைத்திருக்கிறோமே." அந்த அம்மா, "உன் அளவுக்கு என்னால் ஆவலை அடக்க முடியாது" என்றார். மூன்றாமவர் தலை நிமிராமல், "எனக்குத் தேட நேரமே இல்லை" என்றார். இத்தனை வருஷமாக ஊரே என்னைக் கேட்ட கேள்விக்கு, மூன்று பேர் மூன்று பதில் சொல்லிவிட்டார்கள். அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. "என்ன மாப்ள, என்ன சொல்றாங்க?" என்று பொன்னுசாமி தொடையைப் பிய்த்தார். அதற்குள், "எனக்கு ஆண்கள் உள்ளாடை வந்தது. அது நீதானா?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்காலி நகர்கிற சத்தம். தேன்விழி எழுந்து வெளியே வந்தாள், எங்களைத் தாண்டிக் கீழே இறங்கினாள். முடிந்தது, ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். கையில் ஒரு பெட்டியோடு ஏறி வந்தாள். படியிலேயே நின்று, அப்பாவைப் பார்த்தபடி, முகத்தின்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். ஐந்து வயதுச் சிரிப்பும் இருபத்துச் சொச்சம் வயதுச் சிரிப்பும் ஒன்றாகத் திரையில் தெரிந்தன. ஆமாம் நான்தான், இது என் அப்பாவின் கம்பெனி என்றாள். இந்தப் பெட்டிக்குள் இருக்கிற துணியில் ஏறிய சாயம் போக, ஏறாத சாயம் தண்ணீரோடு போகிறது, அதைத்தான் தினமும் லேபில் குடுவையில் பிடித்துப் பார்க்கிறேன் என்றாள். பிறகு சொன்னதை நான் அப்படியே பொன்னுசாமிக்குத் தமிழில் சொன்னேன். அவள் சொன்னது இதுதான்:

"மேடம், உலகத்துல எல்லாத் துணியோட சாயமும் எங்கயோ போகுது. இதுல எம்பட பேரும் முகமும் போட்டிருக்குது. அதனால இது எங்க போகுதுன்னு கேட்க வேண்டிய ஆளு நான்தான்."

எழுதிக்கொண்டிருந்த மூன்றாமவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து பார்த்தார்.

தலைகீழாக ஒரு சந்தேகம்

இடம் கிடைத்துவிட்டது. மெயில் வந்தபோது நானும் பொன்னுசாமியும் கீழ்த்தளத்தில் இருந்தோம். தேன்விழி மாடியிலிருந்து கத்தியது ஓவர்லாக் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவள் இறங்கி வந்ததும் மெயிலைப் படித்துக் காட்டினேன். ஆராய்ச்சிக்கு அந்த வெள்ளை முடி அம்மாவின் கீழேதான் சேரவேண்டும் என்றிருந்தது. தையல்காரம்மாக்கள் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் திருகினார்கள். ராம்லால் மெஷினை நிறுத்திவிட்டு விசில் அடித்தான், முதலாளி திட்டவில்லை என்பதைப் பார்த்து இன்னொன்றும் அடித்தான். பெருமையைக் காட்டத் தெரியாத பொன்னுசாமி, ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார், வைத்தார், மறுபடி எடுத்துத் தட்டினார். இந்த ஊரில் இத்தனை காலம் இருந்தும், ஒரு ஆர்டர் கப்பலேறியதற்குக்கூட அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை.

அன்று வேலைக்குக் கிளம்பிய என்னை வாசல்வரை வந்து நிறுத்தினார் பொன்னுசாமி. ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நானும் முகத்தைத் தயார் செய்துகொண்டேன். மாடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாப்ள, நீதான இங்கிலீஸ்ல மெயில் எழுதற ஆளு, பதமாக் கேட்டுச் சொல்லு. அந்தம்மா ஊட்டுக்காரருக்கு இடுப்பு என்ன சைஸுங்க?"

ஆகவே, கல்லூரிக்காரர்கள் தேடிப் பார்ப்பார்களா என்று கேட்டு என் தூக்கத்தைக் கெடுத்த அன்பர்களே, பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், பார்க்காதவர்கள் பார்க்க மாட்டார்கள், ஆசையை அடக்க முடியாமல் நான் என் பெயரைத் தட்டிப் பார்த்ததில் மட்டும் எந்த ஊரிலோ இருக்கிற, என் பெயரே உள்ள ஒரு பல் டாக்டர்தான் சிரித்துக்கொண்டு வந்தார்.